ஊறுகாய் ஜாடியின் அடிப்பாகம்

என் மனைவி பூரணத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஏழு பழம், ஒவ்வொன்றும் எட்டுத் துண்டு. "வரும்போது கல்லுப்பு வாங்கிட்டு வாங்க" என்றாள். நான் நகராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு வால்வு திறக்கப் போனேன். உப்போடு திரும்பியபோது, வீட்டில் இருந்த உப்பையே போட்டு, ஜாடியின் வாயைத் துணியால் கட்டிவிட்டு, அதன் பக்கத்திலேயே படுத்திருந்தாள். அந்த உப்புப் பொட்டலத்தை நான் இன்னும் பிரிக்கவில்லை.

எங்கள் ஊரில் கத்தியைத் தீட்டினால் அதன் மழுக்கம் அழிவதில்லை. வேறு எதற்குள்ளாவது போய்விடும். அதனால் சாணை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, அது மழுக்கத்தை எங்கே அனுப்பும் என்பதைத்தான். கடைக்காரர்கள் அதைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். மலிவான சரக்கில் மட்டும் அந்த இடம் காலியாக இருக்கும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் பெண்கள் பள்ளியின் சாரணியர் படைக்குப் பொருள் காப்பாளரானேன். கூடாரங்கள், கயிறுகள், இருபத்துநான்கு மடக்குக் கத்திகள் என் பொறுப்பு. படைத் தலைவி மங்கையர்க்கரசி டீச்சர் போன வருடம் அப்படி ஒரு காலியிடம் உள்ள பெட்டியை வாங்கிவிட்டார். கத்தியை நடுவில் வைத்து இழுக்கிற சின்னக் கருவி. ஆதிரை என்ற ஏழாம் வகுப்புப் பெண் அதில் ஆறு கத்திகளைத் தீட்டினாள். மழுக்கம் கருவியைப் பிடித்திருந்த கைக்குள் போனது.

அதற்குப் பிறகு அவள் காகிதத்தை மடித்தால் மடிப்பு விழவில்லை. அவள் எழுதும் ட-வுக்கு மூலை இல்லாமல் போனது. எறும்பு கடித்தால் தெரியவில்லை. சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் கிழிந்த அன்று, எழுந்து, ரத்தத்தைப் பார்த்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து சோறு கேட்டாள்.

இந்த வருடம் மலை முகாமுக்கு மூன்று வாரம் இருக்கும்போது டீச்சர் என்னைக் கூப்பிட்டார். பிள்ளைகளுக்கு ஆபத்தில்லாத சாணை வேண்டும், படையின் கைக்கு எட்டுகிற விலையில் வேண்டும், நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். தான் பார்த்த லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே என்றும் சொல்லிக்கொண்டார்.

முதலில் ஒரு வைரத்தூள் குச்சி. அது எந்தப் பக்கம் நீட்டிப் பிடிக்கிறோமோ அந்தப் பக்கம் மழுக்கத்தை அனுப்பும். நான் ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்து இரண்டு கத்திகள் தீட்டினேன். தெருமுனை வளைந்துவிட்டது. மினி பஸ் டிரைவர் வந்து நன்றி சொன்னார். மூலைவீட்டுக்காரர் மட்டும் தன் வீட்டுக்கு இனி என்ன பெயர் என்று கேட்டார். பிள்ளைகள் எந்தப் பக்கம் நீட்டுவார்கள் என்று யார் கண்டது. வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

நனைத்துத் தீட்டுகிற தண்ணீர்க்கல் நல்லதுதான். மழுக்கம் தண்ணீருக்குள் போய்விடும். ஆனால் அந்தத் தண்ணீரை எங்கேயாவது ஊற்ற வேண்டும். நான் முருங்கை மரத்தடியில் ஊற்றினேன். காய்கள் பந்து பந்தாகக் காய்த்தன. பக்கத்து வீட்டில் அதைச் சாம்பாரில் போட்டுப் பார்த்துவிட்டு, மிச்சத்தைப் பையன்கள் விளையாடக் கொடுத்துவிட்டார்கள். மலையில் ஓடையைத் தவிர வேறு இடம் கிடையாது. ஓடைநீரைக் கீழே நான்கு ஊர்கள் குடிக்கின்றன.

அப்போதுதான் பூரணம் தினமும் கத்தி தீட்டியது ஞாபகத்துக்கு வந்தது. ஊறுகாய் ஜாடியை மடியில் சாய்த்து வைத்து, அடியில் பளபளப்பு இல்லாமல் சொரசொரவென்று இருக்குமே ஒரு வட்டம், அதில் நாலு இழுப்பு இழுப்பாள். அவள் கை கடைசிவரை கூர்மையாகத்தான் இருந்தது. அவள் போட்ட ஊறுகாயில்தான் காரமும் புளிப்பும் இருக்காது. என் தங்கை வரும்போதெல்லாம், "மதினி ஊறுகாய பச்சப்புள்ளைக்குக்கூட ஊட்டலாம்" என்பாள். பூரணம் அதற்கு, "ஊட்டத்தான் போட்டது, நீ வாயத் தொற" என்பாள். முப்பது வருடம் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். மழுக்கம் எங்கே போயிற்று என்று நான் யோசித்ததில்லை.

சந்தையில் ஒரு காலி ஜாடி வாங்கித் தீட்டிப் பார்த்தேன். உள்ளே போக இடமில்லாமல் மழுக்கம் என் விரலுக்கு வந்தது. இரண்டு நாள் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. டீச்சர் வீட்டு மாங்காய் ஊறுகாயை அதில் நிரப்பிப் பார்த்தோம். புது ஊறுகாய், அதற்குத் தன் காரமே நெஞ்சுவரை இருந்தது, வேறெதையும் உள்ளே விடவில்லை. நன்றாக ஊறி அடங்கிய ஊறுகாய் வேண்டும், மூன்று வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்று தெரிந்தது. பூரணத்தைத் தவிர எங்கள் ஊரில் யாரும் ஊறுகாயை அவ்வளவு நாள் விட்டுவைத்ததில்லை.

என்னிடம் இருந்தது. பூரணம் அன்று வாய் கட்டிவைத்த ஜாடி. மூன்று வருடமாக மாதம் ஒரு துண்டு வீதம் சாப்பிட்டு வந்தேன். இருபது துண்டு மிச்சம். அவள் கைப்பக்குவம் என்று சொல்ல வேறு எதுவும் வீட்டில் இல்லை. இன்னும் இருபது மாதத்துக்கு வரும் என்று கணக்கு வைத்திருந்தேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர்க்கல்லே போதும் என்று டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதி மடித்தும் வைத்தேன்.

அந்தக் கடிதத்தோடுதான் பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். ஆதிரையின் அம்மா கற்பகம் ஜாக்கெட் தைக்கிறவர். அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடாமல் கையில் வைத்திருந்தார்.

"நீங்க எதுல வேணாலும் தீட்டுங்க டீச்சர். எம்புள்ள விழுந்தா அழமாட்டேங்கறா. நான் திட்டினாலும் அழமாட்டேங்கறா. பக்கத்துல படுத்திருக்கா, யாரோ படுத்திருக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

ஆதிரை பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா கையிலிருந்த சீட்டின் ஓரத்தை மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மடியவில்லை.

நான் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டு, வீட்டில் ஒரு ஜாடி இருக்கிறது என்றேன்.

மறுநாள் பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஜாடியை மடியில் சாய்த்து, தன் கத்தியை நாலு இழுப்பு இழுத்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இருபத்துநான்காவது கத்தி முடிந்ததும் நான் துணியை அவிழ்த்து விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். புளிப்பு போயிருந்தது. உப்பு மட்டும் கொஞ்சம் இருந்தது.

கற்பகம் வாசலிலேயே நின்றிருந்தார். அவர் உள்ளே வந்து, "இவ்வளவையும் வாங்கிக்கிச்சே ஐயா, இவளையும் நாலு இழுப்பு இழுத்துப் பாக்கலாமா?" என்று கேட்டார்.

நான் ஜாடியைப் பார்த்தேன். பிறகு துணியைத் திரும்பக் கட்டி ஆதிரையின் மடியில் வைத்தேன்.

அவள் வலது கைக் கட்டைவிரல் நகத்தை அந்த வட்டத்தில் வைத்து இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது இழுப்பில் கையை வெடுக்கென்று எடுத்து, "எரியுதும்மா" என்றாள். கற்பகம் அந்த விரலைப் பிடித்து ஊதினார். ஊத ஊத ஆதிரை பெரிதாக அழுதாள். போன வருடம் விழுந்ததற்கும் சேர்த்து அழுகிறாள் என்று டீச்சர் சொன்னார். அழுது முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை மற்ற பிள்ளைகள் கூடாரத் துணிகளை மடித்தார்கள். போகும்போது கற்பகம் சீட்டில் கையெழுத்துப் போட்டு என்னிடமே கொடுத்தார்.

எல்லோரும் போன பிறகு துணியை அவிழ்த்தேன். மழுக்கம் அத்தனையும் உள்ளே போயிருந்ததால், நறுக்கியது நறுக்கியபடி இருக்கவில்லை. துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. காம்பு நுனிகூடப் பச்சையாக இருந்தது.

ஜாடியில் இப்போது இரண்டு முழு எலுமிச்சம்பழமும் ஒரு பாதிப் பழமும் இருக்கின்றன. அந்த இன்னொரு பாதி நான் சாப்பிட்டது.