சித்ரா சொல்லாமல் விட்ட நாலு நாள்

கோவில்பதாகையில் ஜெயராமனைத் தெரியாதவர்கள் யார்? ஆவடி ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் நடுவே பதினெட்டு வருஷமாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஆட்டோவில் ஏறுகிற ஆளுக்கு எங்கே வலித்தாலும் வைத்தியம் சொல்லாமல் இறக்கிவிட மாட்டான். அவன் கணக்கில் உலகத்தில் நோய் ஒன்றுதான், அதன் பெயர் வாயு. முதுகு பிடித்தால் வாயு, மார் அடைத்தால் வாயு, பிள்ளை படிக்கவில்லை என்றால்கூட வாயுவாக இருக்கலாம் என்பான்.

அன்றைக்குக் காலை ஆறரை மணிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அவன் மனைவி பூங்காவனம், மூடியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"யோவ்! தலைக்குள்ள இன்னாவோ பட்டுனு வெடிச்ச மாரி கீதுய்யா!"

"வாயுதாம்மே. நைட்டு மொச்சக்கொட்ட துன்ன இல்ல? ஒரு சோடா குடி, சரியாப்பூடும்."

சோடா உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கண்ணைத் திறந்தால் வெளிச்சம் குத்தியது. இருபத்தைந்து வருஷமாக எத்தனையோ தலைவலியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சோறு வடித்தவள் அவள்.

"எனக்குத் தலைவலி தெரியாதா? இது அது இல்ல. நூத்தியெட்டுக்குப் போனப் போடுய்யா, சொல்றன்ல!"

நல்லவேளை, அவள் போட்ட அதட்டலில் வைத்தியர் வாயை மூடிக்கொண்டு போனை எடுத்தார்.

பதினோரு மணிக்கெல்லாம் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து முடித்துவிட்டார்கள். மூளை அறுவை சிகிச்சை டாக்டர் கிருஷ்ணப்பிரியா ஜெயராமனை உட்காரவைத்து, ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல ஒரு எடம் பலூன் மாதிரி உப்பி, லேசா வெடிச்சு ரத்தம் கசிஞ்சிருக்கு. இப்போதைக்கு நின்னிருக்கு. மறுபடி எப்ப வெடிக்கும்னு சொல்ல முடியாது, இன்னிக்கே வெடிக்கலாம். அப்படி ஆச்சுன்னா காப்பாத்துறது ரொம்பக் கஷ்டம். சிலருக்குத் தொடை வழியா கம்பி விட்டே அடைச்சிடுவோம். இவங்களுக்கு இருக்குற எடத்துக்கு, மண்டையத் திறந்து அந்த பலூனோட கழுத்துல ஒரு கிளிப் போடுறதுதான் சரி. சாயங்காலமே பண்ணிடலாம். நீங்க கையெழுத்துப் போடணும்."

"பொயச்சிடுவாளா டாக்டரம்மா?"

"நூத்துக்கு நூறுன்னு பொய் சொல்ல மாட்டேங்க. ஆனா நினைவோட, பேசிக்கிட்டு வந்திருக்காங்க. இப்படி சீக்கிரமா வர்றவங்கள்ல நிறைய பேர் நல்லாத் தேறி வீட்டுக்குப் போறாங்க."

ஜெயராமன் பேனாவை வாங்கினான். அந்த நேரம் பார்த்து அண்ணன் பச்சையப்பன் வந்து சேர்ந்தார். தம்பியைத் தரதரவென்று வராந்தாவுக்கு இழுத்துப் போனார்.

"டேய், மண்டையத் தொறந்தவன் எவன்டா நல்லா கீறான்? நம்ம தெரு ஹேமநாதனப் பாத்த இல்ல? ஆபரேசன் பண்ணி ஆறு வருசமா படுக்கைல கெடக்கறான். ஆபரேசன் வோணாம்னு எய்திக் குடுத்துட்டுக் கூட்டிகினு வா, மந்திரிச்சிக்கலாம்."

ஹேமநாதன் பட்டறையில் வெல்டர். ஆள் மலை மாதிரி இருப்பான். இப்போது வாயில் எச்சில் வழியப் படுத்திருக்கிறான். பூங்காவனத்தை அப்படி நினைத்துப் பார்க்கவே ஜெயராமனுக்குப் பயமாக இருந்தது. காப்பீட்டு அட்டையை எடுக்க வீட்டுக்குப் போயே ஆக வேண்டும். ரயில் பிடித்து ஆவடியில் இறங்கியவன், தன் வீட்டைத் தாண்டி நேராக ஹேமநாதன் வீட்டு வாசலில் போய் நின்றான்.

ஹேமநாதனின் மனைவி சித்ரா அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வாண்ணா. அண்ணி எப்டி கீறாங்க?"

விஷயத்தைச் சொன்னான். "நீயே சொல்லு தங்கச்சி. மண்டையத் தொறந்ததாலதான உங்க ஊட்டுக்காரரு இப்டி ஆனாரு? நான் கையெழுத்துப் போடட்டா, வோணாவா?"

சித்ரா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். புருஷனின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"அண்ணா, இவருக்கும் இதே மாரிதான் தலைவலி வந்துச்சி, வாந்தி எடுத்தாரு. டாக்டராண்ட போலாம்னு இவரே சொன்னாருண்ணா. நான்தான் காத்து கருப்புன்னு வேப்பல அடிச்சி, கயிறு கட்டி, நாலு நாளு ஊட்லயே வச்சிகினு இருந்தேன். அஞ்சாம் நாளு மறுபடி வெடிச்சி வுயுந்தாரு. அப்பறம்தான் தூக்கிகினு ஓடுனேன். அந்த நெலமைலயும் டாக்டருங்க உசுர மீட்டுக் குடுத்தாங்க. தெருவுல எல்லாரும் டாக்டரு கெடுத்துட்டாருன்னாங்க. ஆறு வருசமா நானும் வாய மூடிகினு இருந்துட்டேன்."

அழுகை முட்டியது அவளுக்கு. "இங்க நின்னுகினு இன்னா பண்ற? ஓடுண்ணா!"

ஓடினான். மூன்றரை மணிக்குக் கையெழுத்துப் போட்டான். பச்சையப்பன் கோபித்துக்கொண்டு போனார், போகட்டும்.

ஐந்து மணி நேரம் நடந்தது ஆபரேஷன். நுண்ணோக்கியில் குனிந்த தலை நிமிராமல், நூலிழை போன்ற குழாய்களுக்கு நடுவே வழி பண்ணிக்கொண்டு போய், நகத்தளவு கிளிப்பை அந்த டாக்டரம்மா சரியான இடத்தில் போட்டுவிட்டு வந்தார். என்ன கை அது! என்ன பொறுமை! வெளியே வந்தவர் காலில் ஜெயராமன் விழப் போக, "அட, எழுந்திருங்க. இன்னும் ரெண்டு வாரம் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கணும்" என்றார். சொன்னபடியே அவரும் நர்சுகளும் பார்த்தார்கள்.

மறுநாள் கண் விழித்த பூங்காவனம் புருஷனைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "இன்னாய்யா, வாயு போச்சா?"

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தான் ஜெயராமன்.

மூன்றாவது வாரம் அவள் வீடு வந்தாள். இடது கை கொஞ்சம் மந்தம், அதற்குப் பயிற்சி சொல்லியிருந்தார்கள். சில சமயம் பொருளின் பெயர் நாக்குக்கு வராது. மற்றபடி நடந்தாள், சாப்பிட்டாள், புருஷனை வழக்கம்போல் விரட்டினாள். தெருவே வாசலில் கூடிவிட்டது. கோபம் தணிந்து பச்சையப்பனும் வந்திருந்தார்.

"எல்லாம் அதிர்ஷ்டம்தான்" என்றார் அவர். "ஹேமநாதனுக்குக் குடுத்து வைக்கல. டாக்டருங்க கெடுத்துட்டானுங்க."

கூட்டத்தின் பின்னாலிருந்து சித்ரா முன்னே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் குரல் உடையவில்லை.

"அதிர்ஷ்டம் இல்ல பெரியண்ணா. அண்ணி அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. எங்க ஊட்டுக்காரர நாலு நாளு ஊட்ல போட்டு வச்சது நானு. கெடுத்தது டாக்டரு இல்ல, நானு."

யாரோ உச்சுக் கொட்டினார்கள். பூங்காவனம் எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தெருவில் அன்றைக்குச் சித்ராவைவிடத் தைரியசாலி யாரும் இல்லை.

"இன்னொரு ஊட்ல இப்டி ஆவக் கூடாதுன்னுதான் சொல்றேன்" என்றாள் சித்ரா. "தலைல இடி வுயுந்த மாரி திடீர்னு வலி வந்து, வாந்தி எடுத்து, கய்த்து புடிச்சிகினா, மந்திரிக்கப் போவாதீங்க, மாத்தரயப் போட்டுகினு படுக்காதீங்க. அந்த நிமிசமே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. ஆபரேசனுக்கு பயந்து உக்காந்துகினு இருக்கற ஒவ்வொரு நாளும் கையும் காலும் உசுரும் போற நாளு. நான் சொல்றத நம்பலன்னா, எங்க ஊட்டுக்கு வந்து அவரப் பாத்துட்டுப் போங்க."