ஆள் இரண்டு, ஆடு ஒன்று

கழக்கூட்டம் என்ற மலையாள ஊரில் உச்சிமாகாளியின் ஆடு சென்ற ஆண்டு ஆனி மாதம் பதினொரு குட்டிகள் ஈன்றது. ஆடியில் அதே பதினொன்றை மறுபடி ஈன்றது. ஆவணியிலும் அதே பதினொன்றைத்தான். ஏழு என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு எண்ணத் தெரியாது.

சங்கரன்கோவில் பக்கமிருந்து கம்பி கட்டும் வேலைக்கு வந்த உச்சிமாகாளிக்கும் அவன் மனைவி அனுஷாவுக்கும் அது நான்காவது வாடகை வீடு. முதல் மூன்றும் ஆட்டால் போயின. ஆட்டை விற்றுவிடு என்று யாராவது சொன்னால் அனுஷா எழுந்து போய்விடுவாள். நான்காவது வீட்டுக்காரர் ஹரிகுமார் தங்கமான மனிதர்தான், ஆனால் எழுதினால் எழுதியதுதான். முத்திரைத்தாளில் அவர் எழுதியது: ஆள் இரண்டு, ஆடு ஒன்று. “ஆளு கூடினா செப்டிக் டேங்க் தாங்காது, மனசிலாயோ?” என்று காரணமும் சொன்னார். மாதத்தின் முதல் ஞாயிறு காலை வந்து பார்த்துவிட்டுப் போவார்.

குட்டிகள் பிறந்ததும் அப்படியொரு ஞாயிறுதான். தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் பதினொன்றும் பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் போல வரிசையாக நின்று, வந்த வழியே தாய்க்குள் திரும்பிப் போய்விட்டன. ஆடு ஒரு தும்மல் போட்டது, அவ்வளவுதான். “நல்ல தீனி போலிருக்கே” என்று மெச்சிவிட்டு ஹரிகுமார் கிளம்பினார். கால் மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்து பாலுக்கு முட்டின. மாதாமாதம் இதே கதை. ஐப்பசிக்குள் கிடாக்குட்டிகளுக்குக் கொம்பு எட்டிப் பார்த்தது.

அனுஷாவுக்குத் தூக்கமே போயிற்று. அவள் வயிற்றிலும் ஏழு மாதம். தாளில் ஆள் இரண்டு. ஹரிகுமார் வரும்போதெல்லாம் துவைத்த துணிகளை மடியில் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். “நம்ம பிள்ளைக்கும் இப்படி உள்ள போகத் தெரிஞ்சா நல்லாருக்கும்லா” என்றாள் ஒருநாள். “போடி கோட்டிக்காரி” என்று உச்சிமாகாளி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கும் அழுகை வந்தது.

ஐப்பசி ஞாயிறு ஹரிகுமார் வந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. கட்டன்சாயா குடித்தார், மழை விடவில்லை. கால் மணி கழிந்தது. ஆடு எவ்வளவுதான் பொறுக்கும்? ஒவ்வொன்றாக வெளியே வந்து உடம்பை உதறி அவர் வேட்டியை நனைத்தன. கடைசிக் கிடாவின் கொம்பு சிக்கிக்கொண்டபோது அவரே குத்தவைத்து உட்கார்ந்து பதமாக எடுத்துவிட்டார். பதறி எழுந்த அனுஷாவின் மடியிலிருந்து துணியெல்லாம் விழுந்தது. ஹரிகுமார் அவள் வயிற்றைப் பார்த்தார்.

“எத்ர மாசம்?”

“ஏழு சார்.”

“அந்தப் பேப்பர எடு.”

உச்சிமாகாளி எடுத்துக் கொடுத்தான். வீடு போச்சு என்றே இருவரும் நினைத்தார்கள். அவர் பழைய வரிக்குக் கீழே எழுதி, கையெழுத்திட்டு, படித்தும் காட்டினார்: உள்ளே இருப்பவர்களும் இதில் சேர்த்தி.

மார்கழியில் அனுஷாவுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. தை முதல் ஞாயிறு தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அதன் முன்னால் ஆட்டுக்கு ஒரு கட்டுப் பலா இலை இருந்தது. பதின்மூன்று பேரும் வெளியிலேயே இருந்தார்கள்.