பதினெட்டாவது தோட்டா

2017 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை காலை, குப்பாயியின் உடம்பிலிருந்த காரீயம் முழுவதும் ஒரு ரிவால்வரின் குழல் வழியாக வெளியே வந்தது. எடை பதினொரு கிராம்.

கும்மிடிப்பூண்டியில், பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் உருக்கும் தொழிற்சாலை ஒன்றில் குப்பாயி இருபது வருடமாகப் பெருக்கிவந்தாள். அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் ரத்தம் எடுப்பார்கள். ரத்தத்தில் எவ்வளவு காரீயம் என்ற எண்ணைப் பெயருக்கு நேராக எழுதி கேன்டீன் சுவரில் ஒட்டுவார்கள். எண் அறுபதைத் தாண்டினால் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம். வட்டம் விழுந்தவர், எண் இறங்கும்வரை வேலையில்லாமல் வீட்டில் இருக்க வேண்டும். ரத்தம் எடுக்கும் வாரத்தில் ஆட்கள் மோரும் முருங்கைக்கீரையும் வெல்லமுமாகச் சாப்பிட்டார்கள். அதனால் யாருக்கும் எண் இறங்கியதாகப் பதிவு இல்லை.

கேட்டில் துப்பாக்கிக் காவலாக இருந்தவன் சாலமோன். பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவன். ஆர்.கே.பேட்டையில் இறந்துபோன ஒரு மாந்தோப்புக்காரரின் ரிவால்வரை, லைசென்ஸ் எடுத்து அவர் பிள்ளைகளிடம் வாங்கியிருந்தான். கூடவே ஒரு தகரப் பெட்டியில் பதினெட்டுப் பழைய தோட்டாக்கள் வந்தன. அவற்றின் தலையில் செப்பு உறை இல்லை. வெறும் காரீயம், நகத்தால் அழுத்தினால் தடம் விழும். அப்படிப்பட்ட தோட்டா வெளியேறும்போது குழலின் உள்வரிகளில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் விட்டு ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, துணித் துண்டைக் கம்பியில் கோத்து இழுக்க வேண்டும். அந்தத் துண்டுக்குப் பட்டாளத்தில் சிந்தி என்று பெயர். சிந்தி வெள்ளையாக வரும்வரை இழுக்க வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை சாலமோன் பின்சுவர் ஓரம் ஒரு கண்ணாடிவிரியனைச் சுட்டான். குறி தவறியது, பாம்பு போய்விட்டது, முள்கம்பியில் அவன் கை கிழிந்தது. பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த குப்பாயியைக் கூப்பிட்டு, தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டு, சிந்தியை இழுக்கச் சொன்னான். சாம்பல் நிறம் வந்தது. நாற்பது சிந்தி மாற்றியும் வந்துகொண்டே இருந்தது. சுட்டது ஆறு கிராம் தோட்டா, அதுவும் மண்ணில் புதைந்துவிட்டது.

“இன்னா நைனா, உன் துப்பாக்கி வயித்துல இவ்ளோ அழுக்கா வச்சிக்கினு கீற?” என்றாள் குப்பாயி. நாற்பத்தொன்றாவது சிந்தி வெள்ளையாக வந்தபோது, இருபது வருடமாக நாக்கிலிருந்த காரீயத்தின் தித்திப்பு போய்விட்டது என்றாள்.

அடுத்த பட்டியலில் அவள் எண் அறுபத்தொன்றிலிருந்து பூஜ்யத்துக்கு வந்திருந்தது. ஆய்வகத்திலிருந்த புவனேஸ்வரி மூன்று முறை திரும்பச் செய்து பார்த்தாள். சிந்திகளை உதறியதில் காகிதத்தில் விழுந்த தூளை எடை போட்டவளும் அவள்தான். ஒரு மனிதரின் ரத்தம் முழுவதையும் சேர்த்தாலும் ஓர் உப்புக்கல் அளவுக்குக் காரீயம் தேறுவது கடினம். மீதி எங்கிருந்து வந்தது என்று அவள் எழுதவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

உலையில் வேலை செய்த எட்வர்டுக்கு முதலில் கடையில் வாங்கிய செப்பு உறைத் தோட்டாவைச் சுட்டுப் பார்த்தார்கள். குழல் கறுத்ததோடு சரி. பழைய தோட்டாவைச் சுட்டதும் அவன் எண்ணும் பூஜ்யமானது. ஆக, ஒரு தோட்டாவுக்கு ஓர் ஆள், சிந்தியை இழுப்பவருடைய காரீயம்தான் வரும் என்று தெரிந்தது. சிவப்பு வட்டம் விழுந்தவர்கள் ஒவ்வொருவராகத் தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த ஏரிக்கரைக்கு வந்தார்கள். சுட்ட ஒவ்வொரு பழைய தோட்டாவுக்கும் சாலமோன் துப்பாக்கிப் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் பாம்பு என்று எழுதினான்.

சாலமோனின் மனைவி கிறிஸ்டினா அதே தொழிற்சாலையில் பேட்டரி உடைக்கும் இடத்தில் இருந்தாள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. தாயின் எலும்பில் தங்கிய காரீயம் பிள்ளைக்குப் போய்விடும், பிள்ளையின் உடம்பிலும் காரீயம் இருந்தது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டாள். சாலமோன் எப்போது வரிசையில் அவள் பெயரை எழுதினாலும், தன் முறையை அடுத்தவருக்குக் கொடுத்தாள்.

“ஏன்டி, உனுக்கு வட்டம் விழலியா? அறுபத்தாறு காட்டுது.”

“எனுக்கு வேணாம்.”

“சாவப் போறியா?”

“அதுங்க ரெண்டும் வேற எங்க கீது? இந்தக் காரீயத்துலதான் கீது. நீ தொடச்சி எடுத்துட்டா எனுக்குன்னு இன்னா மிச்சம்?”

சாலமோன் அதற்குப் பிறகு ஒரு வருடம் கேட்கவில்லை. ஒரு தோட்டாவை மட்டும் யாருக்கும் தராமல் வைத்திருந்தான்.

2019 மார்ச்சில் அவள் எண் எண்பத்துமூன்று. வலது மணிக்கட்டு தொங்கிவிட்டது, குடம் தூக்க முடியவில்லை. ஈறில் நீலக்கோடு விழுந்திருந்தது. சிறுநீரகம் ஆறு மாதம் தாங்காது என்றார் டாக்டர். தேர்தல் அறிவித்ததால், லைசென்ஸ் துப்பாக்கிகளைத் தோட்டாவோடு காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அங்கே எழுத்தராக இருந்த ஆதிநாராயணன், “பழைய ரவுண்டு திரும்பி வராதுபா, அழிச்சிடச் சொல்லிக்கிறாங்கோ” என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

கடைசி நாள் காலை சாலமோன் அவளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போய், கரை மண்ணில் பதினெட்டாவது தோட்டாவைச் சுட்டான். கிறிஸ்டினா கம்பியைத் தொடவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குழல் ஆறுவதற்குள் குப்பாயி வந்தாள். மடியிலிருந்து ஒரு சுண்ணாம்பு டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினாள். உள்ளே அவளுடைய பதினொரு கிராம் இருந்தது.

“எதுவும் எங்கயும் போவலம்மே. பாரு, என்னுது எங்கையிலதான் கீது. உள்ளயே வச்சிக்கினு அதுங்க மூஞ்ச ஒருநாளாச்சும் பாத்தியா நீ?”

கிறிஸ்டினா டப்பாவுக்குள் ஒரு விரலை விட்டுத் தூளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இடது கையால் கம்பியைப் பிடித்தாள். முப்பத்தொரு சிந்திகள் சாம்பலாக வந்தன. முப்பத்திரண்டாவதில் மிளகளவு இரண்டு மணிகள் இருந்தன. சூடாக இருந்தன. அடுத்த சிந்தி வெள்ளை. அந்த மணிகளை எடை போட அவள் யாரிடமும் கொடுக்கவில்லை.

நண்பகலுக்குள் சாலமோன் ரிவால்வரை ஒப்படைத்தான். ஆதிநாராயணன் குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, கண்ணாடி மாதிரி இருப்பதாகச் சொன்னார். பதிவேட்டைப் புரட்டிவிட்டு, “பதினெட்டு பாம்பா? இன்னாபா, அது கம்பெனியா, பாம்புப் பண்ணையா?” என்று கேட்டு முத்திரை வைத்தார்.

மணிகளை கிறிஸ்டினா ஹார்லிக்ஸ் மூடியில் பஞ்சு வைத்து அதில் வைத்தாள். ஒரு வாரத்தில் அவை புங்கங்கொட்டை அளவானதும் கிண்ணத்துக்கு மாற்றினாள். ஈஸ்டருக்குள் காதுகள் தெரிந்தன. கிறிஸ்துமஸுக்கு அழுதன. காரீயத்தைத் தட்டினால் மணிபோல ஒலிக்காது, அழுகையும் அப்படித்தான், அடுத்த வீட்டுக்குக் கேட்காது. பிறகு ஊரடங்கு வந்தது, யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. ஊரடங்கு முடிந்து பார்த்தபோது அந்த வீட்டில் ஒரு பெண்ணும் ஒரு பையனும் இருந்தார்கள். ஏஞ்சல், பென்னி என்று பெயர் வைத்தார்கள். ஞானஸ்நானத்தின்போது பாஸ்டருக்குத் துணையாக எட்வர்டும் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர்களைத் தூக்கித் தூக்கியே கிறிஸ்டினாவின் மணிக்கட்டு நேரானது. அவள் எண் இன்றுவரை பூஜ்யம். அவள் இப்போது தேர்வாய் கண்டிகையில் கண்ணாடி பேக் செய்யும் இடத்துக்கு மாறிவிட்டாள்.

அங்கன்வாடிப் பதிவேட்டில் இருவருக்கும் எடைக் கட்டம் காலியாக இருக்கிறது. ஷேர் ஆட்டோ ஓட்டும் லோகு அவர்களை ஆறு பேராகக் கணக்கிடுகிறான். “அக்கா, ஆளுக்கொரு பக்கமா உக்கார வை, வண்டி சாயுது” என்பதைத் தவிர அவன் வேறு எதுவும் சொன்னதில்லை. இருவரும் பென்சில் கொண்டுபோவதில்லை. விரலை வைத்தாலே தாளில் எழுத்து விழும். டீச்சர் முதலில் அடித்துத் திருத்தச் சொன்னார், பிறகு கையெழுத்து நன்றாக இருப்பதால் விட்டுவிட்டார்.

கிறிஸ்டினா அவர்களை அடுப்பருகே விடுவதில்லை. கன்னத்தைக் கிள்ளவும் யாரையும் விடுவதில்லை. முகம் தெளிந்த முதல் நாளன்று, ஆசையில் அவளே ஏஞ்சலின் இடது கன்னத்தைக் கிள்ளினாள். அந்த நகத்தடம் பிறைபோல அப்படியே நின்றுவிட்டது. பள்ளியில் சேர்க்கும்போது, அங்க அடையாளம் என்ற இடத்தில் அதைத்தான் எழுதிக்கொண்டார்கள்.