மஞ்சள் கோடு

கதவோரம் தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருந்த இடத்தில் மார்னி சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். வெள்ளைக் கவுன் சக்கரத்தில் சிக்காதபடி ஓரத்தை மடியில் சுருட்டிக்கொண்டாள். வளர்ந்த பெண்களை ஊருக்கு முறையாக அறிமுகப்படுத்த கால்பந்து கிளப் வருடாவருடம் நடத்தும் டெப் நடனம். ஊரே ஹாலில் உட்கார்ந்திருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக ஜோடியோடு நடுவே போய், மேயர் அம்மாவுக்கு முழங்கால் மடக்கி வணக்கம் வைக்க வேண்டும். மார்னியின் அம்மாவும் பதினேழு வயதில் இதே ஹாலில், பக்கத்துப் பண்ணைப் பையனோடு வைத்த வணக்கம்தான். மார்னியின் ஜோடி கீலி.

"இன்னிக்கு எப்படிடீ இருக்கு?" என்று கீலி குனிந்து கேட்டாள். அண்ணனுடைய கறுப்புக் கோட்டைக் கைமடித்துப் போட்டிருந்தாள்.

"இடுப்பு காலையிலயே ரெண்டு தடவை நழுவிடுச்சு. போறது நாற்காலியில. வணக்கத்துக்கு மட்டும் எழுந்துக்கறேன்."

"சரி."

கீலியின் அந்தச் "சரி"க்காகவே அவளைக் காதலிக்கலாம். நிஜமாவா, நேத்து நல்லாத்தானே இருந்தே என்றெல்லாம் அவள் கேட்டதே இல்லை. மற்றவர்கள் அப்படியா? மார்னிக்கு மூட்டுகள் நினைத்தபோது கழன்றுகொள்ளும், நினைத்தபோது பொருந்திக்கொள்ளும். ஒரு நாள் கடைத்தெரு முழுக்க நடப்பாள், மறுநாள் நாற்காலி இல்லாமல் கழிவறைக்குக்கூடப் போக முடியாது. நடந்த நாளைப் பார்த்தவர்கள் நாற்காலி நாளில் உதட்டைப் பிதுக்கினார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர்கள் ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். கோதுமை லாரி ஓட்டும் அப்பா கிரெய்க், "வளர்ற வயசு, அப்படித்தான் வலிக்கும்" என்றார். கீலியைப் பற்றிச் சொன்னபோதும் அதே குரலில், "இந்த வயசுல அப்படித்தான் தோணும்" என்றார். வலியும் காதலும் அவருக்கு ஒன்றாகவே வந்து, ஒன்றாகவே போய்விடப்போகிற சமாசாரங்கள். மார்னிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் உடம்பில் என்ன நடக்கிறதென்று தனக்குத் தெரியாதா? தன் மனசில் யார் இருக்கிறாளென்று தனக்குத் தெரியாதா?

ஒத்திகையின்போது, ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடும் லொரெய்ன், "மார்னி ஹாக்கிங், கூட அவளைக் கவனிச்சுக்கிற பொண்ணு கீலி" என்றாள். கெட்ட எண்ணமே கிடையாது. நாற்காலிக்குப் பின்னால் ஒரு பெண் நின்றால் லொரெய்ன் கண்ணுக்கு அது தாதிதான்.

"இவ என் ஜோடி, லொரெய்ன்" என்று மார்னி சொன்னாள்.

"தெரியும் செல்லம், ரொம்ப ஒத்தாசையான பொண்ணு" என்று லொரெய்ன் அவள் கன்னத்தைத் தட்டினாள். "ஆமா, போன வாரம் நடந்துதானே வந்தே?"

இப்போது முன்னால் இருந்த ஜோடி போய்விட்டது. பியானோ மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. லொரெய்ன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"அடுத்து, நம்ம தைரியசாலி மார்னி ஹாக்கிங்! கூட, அவளைக் கவனிச்சுக்கிற கீலி!"

ஹால் உருகிக் கைதட்டியது. மார்னி இரண்டு சக்கரத்துக்கும் பிரேக்கைப் போட்டாள்.

மூன்று மாதமாக லொரெய்ன் அவர்கள் மண்டையில் ஏற்றிய விதி ஒன்றுதான். பெயர் சரியாகக் கூப்பிடும்வரை யாரும் மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது. பேனட் வீட்டுப் பெண்ணின் பெயரைத் தப்பாக உச்சரித்துவிட்டு, போன வருடம் லொரெய்னே அவளை நிறுத்திவைத்து மறுபடி கூப்பிட்டிருக்கிறாள். அதை ஊரே பார்த்திருக்கிறது.

கைதட்டல் தேய்ந்து நின்றது. பியானோக்காரர் அதே நாலு வரியைத் திரும்ப வாசித்தார். பின்னால் ஒரு பையன், "என்னாச்சு, டயர் பஞ்சரா?" என்றான்.

"தள்ளணுமா?" என்று கீலி மெதுவாகக் கேட்டாள்.

"வேணாம்."

"சரி."

மார்னி லொரெய்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து நிமிர்ந்திருந்தது. பயத்தைவிடக் கர்வம் பெரிதாக இருந்தது. லாரிக்காரர்கள் மேசையில் நாற்காலி கிறீச்சிட்டது. அப்பா எழுந்து நின்றார். சட்டைக் காலர் இறுக்கியதோ என்னவோ, முகமெல்லாம் சிவப்பு.

"லொரெய்ன், பேரைத் தப்பாச் சொல்லிட்டீங்க. அது அவ ஜோடி. எம் பொண்ணே சொன்னா." சொல்லிவிட்டு உட்காரத் தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார்.

லொரெய்ன் கையிலிருந்த தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமினாள்.

"மார்னி ஹாக்கிங். அவளோட ஜோடி, கீலி டிரெலோர்."

சிலர் கைதட்டினார்கள், சிலர் கையைக் கட்டிக்கொண்டார்கள். மார்னி பிரேக்கை எடுத்தாள். தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போனாள், கீலி பக்கத்தில் நடந்தாள். மேயர் அம்மா இருந்த மேடைக்கு முன்னால் நிறுத்தி, பாதத்தை ஊன்றி எழுந்து நின்றாள்.

ஹால் மூச்சை இழுத்தது. முன்வரிசைக் கிழவர் ஒருவர், "ஐயோ, அற்புதம்!" என்றார்.

"செவ்வாய்க்கிழமைகூட நின்னேனே தாத்தா" என்றாள் மார்னி. மேயர் அம்மாவே சிரித்துவிட்டாள்.

கவுனின் இரு ஓரங்களையும் பிடித்து, முழங்காலை மடக்கித் தாழ்ந்தாள். தாழ்வது சுலபம், எழுவதுதான் கஷ்டம். இடுப்பு நழுவத் தொடங்குவது தெரிந்தது. பக்கத்தில் கீலியின் கை திறந்தபடி, அவளாகப் பிடிக்கும்வரை தொடாமல் காத்துக்கொண்டிருந்தது. பியானோ இன்னும் அந்த நாலு வரியையே வாசித்துக்கொண்டிருந்தது.