கரிச்சட்டிக்கு வலிப்பு வரவில்லை

நாயின் மூளையில் வளர்ந்த கட்டியை அறுத்தெடுத்து, அந்தக் குழியிலேயே மருந்தை வைத்துத் தைத்துவிட்டால் கட்டி திரும்ப வராது. இதுதான் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. திரும்ப வந்தால் வலிப்பு காட்டிக்கொடுத்துவிடும். ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாயும் வெள்ளைக் கோட்டும் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பாதி ஆராய்ச்சி நாய் வளர்ப்பவர்களின் வாயில்தான் இருக்கிறது. வலிப்பு வந்ததென்று நாயா வந்து சொல்லும்?

மருந்தும் லேசுப்பட்டதல்ல. வாந்தியும் சோர்வுமாக நாயைப் படாதபாடு படுத்திவிடும். மருந்து வைத்த நாய்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. தேறியது டாக்டரம்மாவின் அக்கா வீட்டு நாய் கரிச்சட்டி மட்டும்தான். ஃபோனில் எப்போது கேட்டாலும், "வலிப்பா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல, ராஜா மாதிரி இருக்கான்" என்பாள் அக்கா. அந்த ஒரு பேச்சை நம்பித்தான் ஒரு வாத்தியார் தன் நாயை அறுவைக்குக் கொண்டுவர இருந்தார்.

அவரிடம் காட்ட, கரிச்சட்டி ஓடியாடுவதைப் படம் பிடிக்கலாம் என்று அறுவைக்கு முந்தின நாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வீட்டுக்குப் போனாள் டாக்டரம்மா. கதவு திறந்தே கிடந்தது. நாற்காலிக் கால்களிலெல்லாம் பழைய போர்வை சுற்றியிருந்தது. சமையலறைத் தரையில் கரிச்சட்டி நான்கு காலும் விறைத்து வெட்டிக்கொண்டிருந்தது. அதன் தலைக்கடியில் கை கொடுத்து, பக்கத்திலேயே படுத்திருந்தாள் அக்கா. அவளிடம் பதற்றமே இல்லை. அதைப் பார்த்துத்தான் இது முதல் வலிப்பு இல்லை என்று டாக்டரம்மாவுக்குப் புரிந்தது.

வலிப்பு அடங்கியதும் டாக்டரம்மா கேட்டாள்.

"எத்தனை நாளா நடக்குது?"

"மழை ஆரம்பிச்சதுலேர்ந்து."

"கேட்டப்பல்லாம் இல்லன்னியே."

"இருக்குன்னா நீ சோறு தண்ணி இல்லாம கெடப்ப. உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா? ஒண்ணாவது தேறுச்சேன்னு நீ சந்தோஷப்பட்ட. அத ஏன் கெடுக்கணும்?"

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. அக்காமேல் வந்ததைவிடத் தன்மேல்தான் அதிகம் வந்தது. கேட்க ஆசைப்பட்டதையே கேட்டு, அதையே ஆராய்ச்சி என்று கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். அங்கேயே நின்று வாத்தியாருக்கு ஃபோன் போட்டாள்.

"சார், குணமாயிடுச்சுன்னு ஒரு நாயப் பத்திச் சொன்னேன்ல? குணமாகல. உங்க நாய்க்கு அந்த மருந்த வைக்க மாட்டேன். கட்டிய மட்டும் எடுக்கறேன், கொஞ்ச நாள் கெடைக்கும். என்னால அவ்வளவுதான் முடியும்."

ஃபோனை வைத்தபோது அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரிச்சட்டி மெல்ல எழப் பார்த்து, முடியாமல் தரையில் உட்கார்ந்திருந்த அக்காவின் மடியில் சரிந்தது.

"அவருகிட்ட சொன்ன மாதிரி எங்கிட்டயும் உள்ளதச் சொல்லு. இவன் எவ்வளவு நாள் இருப்பான்?"

'பார்க்கலாம்க்கா, தேறிடுவான்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டாக்டரம்மா அதை விழுங்கினாள்.

"இந்த மாசம் தாண்டாதுக்கா."

அக்கா தலையாட்டினாள். அவள் அழவில்லை. அழுதது டாக்டரம்மாதான்.