பாடி கட்னது யாரு?

காருக்கு உயிர் கொடுத்தவன் குணசேகரன். சட்டை மாட்டியவன் யாசின். ஊர் சட்டையை மட்டும்தான் பார்த்தது.

பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு குடோனில் கோழி அடைந்துகிடந்த பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் அது. கண்டெடுத்தவர் அய்யாத்துரை. துறைமுகத்தில் சரக்கு கிளியரன்ஸ் செய்து பணம் பார்த்தவர். பணம் வந்தபிறகு பரம்பரையும் தேவைப்பட்டதால் பழைய கார் வாங்கினார். 2003 டிசம்பரில் சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குப் பழங்கார் ராலி என்று கேள்விப்பட்டதும் துருப்பிடித்த பாடியை உரித்தெறிந்துவிட்டு, நெடுந்தூரம் தாங்குகிற மாதிரி புதிதாகக் கட்டச் சொன்னார். தண்டையார்பேட்டையில் ஒரே ஷெட்டில் தொழில் செய்த இரண்டு தோஸ்துகளுக்கு வேலை பிரிந்தது. இஞ்சின் குணசேகரனுக்கு, பாடி யாசினுக்கு.

குணசேகரன் மாதக்கணக்கில் அந்த இஞ்சினோடு குடும்பம் நடத்தினான். கிடைக்காத பிஸ்டனுக்கு மோட்டார் போட் பிஸ்டனைக் கடைந்து பொருத்தினான். எதிர்மூலையில் யாசின் அலுமினியத் தகட்டைத் தட்டத் தட்டக் கூட்டம் சேர்ந்தது. "வெண்ண மாரி கீது பாய்!" என்று ஆளாளுக்குத் தடவிப் பார்த்தார்கள். இஞ்சினை யாரும் தடவவில்லை. கை கறுத்துவிடும்.

வீட்டிலும் அதே கதைதான். "யாசின் அண்ணன் காரு முடிஞ்சிச்சா?" என்றாள் மனைவி ரமாபாய்.

"அது இன்னா யாசின் காரு? நான் இன்னா அதுக்குக் காத்து அட்ச்சிகினா இருந்தேன்?"

"மீனு மாரி வழவழன்னு கீதாமே."

"மீனு நீந்தறது செதிலாலயா, உள்ள கீற உசுராலயா?"

"கொயம்புல வுட்டப்புறம் எதுவா இருந்தா இன்னா?" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

காரில் இரண்டே சீட்டு. ஒன்று அய்யாத்துரைக்கு. மற்றதில் யார் கல்கத்தா போவது என்பதை ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம் முடிந்ததும் பத்திரிகைக்காரர்கள் முன்னால் அறிவிப்பதாகச் சொல்லியிருந்தார். யாசின் பெயர்தான் வரும் என்று ஷெட்டே பேசிக்கொண்டது.

சனிக்கிழமை மாலை, யாசின் புது பானெட்டை மாட்டுவதற்கு முன், குணசேகரன் இஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் காயில் வயரின் நட்டைச் சற்றே தளர்த்தி வைத்தான். வண்டி கிளம்பும், கூட்டத்தின் நடுவே நிற்கும். அவன் பானெட்டைத் திறப்பான், ஒரு நிமிடத்தில் ஓட வைப்பான். கேமராக்கள் கடைசியில் இஞ்சினைப் பார்க்கும். கல்மண்டபம் ரோட்டுப் பள்ளங்கள் மேல் அவனுக்கு முழு நம்பிக்கை இருந்தது.

பள்ளங்கள் கைவிடவில்லை. பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சை நசுங்கி, அய்யாத்துரை கழுத்தில் பட்டுத் துண்டு பறக்கக் கிளம்பிய கார் மீன்பாடி வண்டிகளுக்கு நடுவே இருமி நின்றது.

"நவுருங்கப்பா!" என்று பாய்ந்தான் குணசேகரன். பானெட்டில் கை வைத்தான். பிடியே இல்லை. தடவினான், தட்டினான், நகத்தால் நெம்பினான். கூட்டம் சிரித்தது.

யாசின் மெதுவாக வந்து விளக்குக்குக் கீழே ஒரு விரலால் அழுத்தினான். முதலை வாய் பிளப்பது போல பானெட் எழுந்தது. விசில் பறந்தது. "பாய், இன்னொரு தபா!" என்றார்கள் கேமராக்காரர்கள். யாசின் மூடித் திறந்து, மூடித் திறந்து காட்டினான். இடையில் கிடைத்த நேரத்தில்தான் குணசேகரன் உள்ளே குனிய முடிந்தது. மறுநாள் பேப்பரில் யாசினின் சிரிப்பும், பானெட்டும், குணசேகரனின் பின்பக்கமும் வந்தன.

அப்போது பக்கத்தில் குனிந்த யாசின் காயில் வயரின் நட்டைப் பார்த்தான். அதில் ஸ்பானர் பட்ட புதுக் கீறல் மின்னியது.

"தானா கயண்ட மாரி இல்லியே, மாமு" என்றான் காதோடு.

குணசேகரன் தலை நிமிராமல் நட்டை முறுக்கினான்.

யாசின் நிமிர்ந்தான். "ஒண்ணுமில்ல சார், ரோடு அப்டி. இதுல போனா பல்லே கயண்டுக்கும். போற வய்ல வண்டி நின்னுச்சுனா நான் இன்னா பண்ணுவேன், தகடுதான் தட்டுவேன். குணாவ இட்டுகினு போங்க."

"இதை நான் ஆரம்பத்துலயே முடிவு பண்ணிட்டேன்" என்று பத்திரிகைக்காரர்களிடம் திரும்பினார் அய்யாத்துரை.

சீட்டு கிடைத்துவிட்டது. அதைத் தைத்ததும் யாசின்தான்.

ராலி அன்று காலடிப்பேட்டை தாண்டுவதற்குள் ஓர் ஆட்டோக்காரர் ஒட்டி வந்தார். "சோக்கா கீதே நைனா, பாடி கட்னது யாரு?" குணசேகரன் அய்யாத்துரையிடம் சொல்லி ஆக்சிலேட்டரை மிதிக்க வைத்தான். இஞ்சின் கர்ஜித்தது. "சவுண்டு ஓவரா கீதே, இஞ்சின்ல எதுனா கோளாறா?" என்று அக்கறையோடு விசாரித்துவிட்டுப் போனார் அவர். நாயுடுபேட்டை டீக்கடையில் அதே கேள்வியைத் தெலுங்கில் கேட்டார்கள். நெல்லூரில் ஒரு போலீஸ்காரர் கேட்டார். "யாசின், யாசின்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

நெல்லூர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஷெட்டுக்கு போன் போட்டான். பாடியைப் பற்றித்தான் யாசின் முதலில் கேட்பான், நறுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும் என்று தயாராக இருந்தான்.

"மாமு," என்றான் யாசின், "இஞ்சின் எப்டி கீது?"

அந்த நீளமான ரோட்டில் அதைக் கேட்டவன் அவன் ஒருவன்தான். குணசேகரனால் தாங்கவே முடியாமல் போனதும் அதுதான்.

"லைன் சரியா கேக்கல" என்று போனை வைத்தான்.