ரத்து செய்வதை ரத்து செய்

1.

இந்தக் கதை எனக்குக் கணினி பழுதுபார்க்கும் கடையில் கிடைத்தது. திருடியது என்றும் சொல்லலாம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "புது மென்பொருள் போடப் போனா பாஸ்வேர்டு கேக்குதுங்க. அது வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். இப்ப அவர் இல்ல."

கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எப்பம்மா தவறினார்?"

"தவறலைங்க. அவங்க அக்கா வீட்ல இருக்கார்."

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்துவிட்டேன். வீடு வந்து சேரும்வரை கூசியது. கூச்சம் போகக் கதை எழுதுவது என் வழக்கம். (இதுவரை போனதில்லை. கதைகள்தான் சேர்ந்துகொண்டே போகின்றன.)

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2.

முதல் தொடக்கம்: 'வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த—' வேண்டாம். மழையில் ஆரம்பித்தால் கடைசிவரை எல்லாருக்கும் தலை துவட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டாவது: 'பிரிவு என்பது ஒரு—' யாராவது என் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம்.

மூன்றாவது: 'அவன் லிஃப்ட் மெக்கானிக்.' இது நிற்கிறது. (லிஃப்ட் விஷயத்தில் 'நிற்கிறது' அவ்வளவு நல்ல சொல் இல்லை. இருந்தாலும்.)

அவன் லிஃப்ட் மெக்கானிக். அவள் வீட்டிலிருந்தே அச்சகத்துக்குப் புத்தகப் பக்கங்கள் அமைத்துக் கொடுப்பவள். எழுத்துக்கு எழுத்து பார்த்து விடுபட்ட ஒற்றெழுத்தைப் பிடித்துவிடுவதால் அச்சகத்தில் அவளை 'ஒற்றக்கா' என்பார்கள். நாளைக் காலை குடும்ப நீதிமன்றத்துக்கு இருவரும் போய் 'சம்மதம்' என்று சொல்ல வேண்டும். அதன்பின் அவர்கள் கணவன் மனைவி இல்லை.

ஏன் பிரிகிறார்கள்? 'ஊரில் எல்லாக் கதவையும் திறந்துவைத்தவன் தன் வீட்டுக்கதவை—' என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்த சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும். காரணம் எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் முழுசாகத் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

3.

மத்தியானம் அவன் வந்து கதவைத் தட்டினான்.

"வாங்க," என்றாள்.

அந்த 'ங்க' அவனுக்குச் சுருக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து 'வா, போ, நீ' என்றிருந்தவள். அக்கா வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிய பிறகுதான் மரியாதை ஆரம்பித்தது. இவ்வளவு மரியாதைக்குப் பதில் இரண்டு அடி கொடுத்திருக்கலாம் என்று அவன் நினைத்தான்.

விஷயம் இதுதான். அச்சகம் புது மென்பொருளுக்கு மாறிவிட்டது. அவர்கள் அனுப்பிய தேனீ வளர்ப்புப் புத்தகம் அவளுடைய பழையதில் திறக்கவில்லை. இன்று அச்சகம் மூடுவதற்குள் முதல் பகுதி போகாவிட்டால் மொத்த வேலையும் வேறொருவருக்குப் போகும். இந்தப் புத்தகம் முடிந்தால் அடுத்தடுத்து வேலை வரும், இந்த வீட்டைத் தனியாளாக ஓட்டிவிடுவாள். முடியாவிட்டால் ஓட்ட முடியாது.

அது அவனுக்கும் தெரியும். அவன் இல்லாமல் அவள் இருந்துகொள்வதற்கு என்ன தேவையோ, அதைப் போட்டுக்கொடுக்கத்தான் அவனைக் கூப்பிட்டிருக்கிறாள்.

கணினி அவர்கள் குடிவந்த புதிதில் வாங்கியது. அதில் இடமே இல்லை. "பழசை எடுத்தாத்தான் புதுசு போகும்," என்றான் அவன். "எடுத்துட்டா திரும்பப் போட முடியாது. பழசோட சிடி கீறிப்போச்சு. எடுக்கட்டா?"

"எடுங்க."

எடுத்தான். தனக்கு மட்டுமே தெரிந்த பாஸ்வேர்டைத் தட்டிப் புதியதை ஓடவிட்டான். திரையில் ஒரு பச்சைக் கோடு முளைத்து நகர ஆரம்பித்தது. கணினியின் மின்விசிறி மூச்சிரைத்தது.

(இங்கே அவள் தேநீர் கொண்டுவருவதாக எழுதியிருந்தேன். ஒற்றக்கா மறுத்துவிட்டாள். நியாயம்தான். அவன் இப்போது மெக்கானிக்காக வந்திருக்கிறான். மெக்கானிக்குக்குக்கூடத் தேநீர் கொடுப்பார்களே என்றேன். அவள் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.)

4.

பாதி தாண்டியதும் கோடு நின்றுவிட்டது.

"என்னாச்சு?"

"நடு மாடியில நிக்குது. இப்ப எதையும் தொடக்கூடாது. உள்ள மாட்டினவங்க பயத்துல எல்லாப் பட்டனையும் அமுக்குவாங்க பாருங்க, அதுலதான் கெட்டுப்போகும்."

அவனும் 'பாருங்க' போட்டான். கடன் வைத்துக்கொள்ளவில்லை.

இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், நடு மாடியில். சுவர்க் கடிகாரம் பழையது, அதற்குச் சத்தம் அதிகம். வாசலில் யாரோ சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் போனார்கள். கோடு அசையவில்லை. அச்சகத்திலிருந்து போன் அடித்தது. அவள் எடுத்து, "போட்டுக்கிட்டே இருக்கோம் சார்," என்றாள். 'இருக்கோம்' என்றதை அவன் கவனித்தான். அவள் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இப்போது இந்த ஆள்மேல் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. நல்லவன் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் பழைய கணினி, எந்த நிமிடமும் படுத்துவிடலாம். படுத்தால் யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. 'நான் என்ன செய்ய, மெஷின் அப்படி' என்று எழுந்து நின்றால் போதும். வேலை போகும். அவளால் தனியாக முடியாமல் போகும். அப்புறம் நாளைக்கு ஒருவேளை—

அந்த 'ஒருவேளை'யில் அவன் கை மவுஸ்மேல் இருந்தது.

என் குறிப்பில் 'கை பட்டுவிட்டது' என்று இருக்கிறது. அதன் கீழேயே 'கையைப் பட விட்டான்' என்றும் இருக்கிறது. இரண்டும் என் கையெழுத்துதான். எது முதலில் எழுதியது என்று தெரியவில்லை.

திரையில் ஒரு சின்னப் பெட்டி குதித்தது:

நிறுவலை ரத்து செய்யவா?
[சரி] [ரத்து]

5.

"கையை எடு," என்றாள் அவள்.

எடுத்தான்.

"நீயா அமுக்கினே?"

"கை போச்சு."

"போச்சா, அனுப்பினியா?"

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்ல நல்ல இடம். நானே மூன்று பொய்கள் தயாராக எழுதி வைத்திருந்தேன். ஒன்று மிகவும் நன்றாக வந்திருந்தது. அவன் அவற்றைத் தொடவில்லை.

"தெரியல," என்றான். "இது வேணாம்னு நெனச்சது நிஜம். அதுக்கப்புறம் கை என்ன பண்ணிச்சுன்னு சத்தியமாத் தெரியல."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். நானும்தான், ஒரு பக்கத்துக்கு வசனம் எழுதியிருந்தேன். அவள் மேஜைக்கு அடியில் கண்ணைக் காட்டினாள். "குனிஞ்சு பாரு."

குனிந்தான். சுவரிலிருந்து வயர் இழுத்துக் கணினியைச் செருகியிருந்த மின்பலகை தரையில் கிடந்தது. அதன் சுவிட்சின்மேல் அவளுடைய வலது கால் கட்டைவிரல்.

"எப்பலேருந்து?"

"கோடு நின்னதுலேருந்து."

அவன் மேஜைக்கு அடியிலேயே இருந்தான். நிமிர்ந்தால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். "உன் பொழப்புடி இது," என்றான் அங்கிருந்தே.

"தெரியும். அதான் அமுக்கல. எடுக்கவும் முடியல. நீ வெளிய வா முதல்ல, தலை இடிச்சுக்கப்போறே."

இடித்துக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை. கடையில் பட்ட அனுபவத்தால் நானும் சிரிக்கவில்லை.

பெட்டி அப்படியே இருந்தது. அச்சகம் மூட இன்னும் கொஞ்ச நேரம்தான்.

"இதுல எதை அமுக்க?" என்றான். "சரின்னா நிறுத்தச் சரியா, நடக்கச் சரியா? ரத்துன்னா எது ரத்து? தப்பா அமுக்கினா பழசும் இல்ல, புதுசும் இல்ல. இதை எழுதினவனை ஒரு நாள் லிஃப்டுல அடைச்சு வைக்கணும்."

ஒற்றக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மெய்ப்பு பார்ப்பதுபோல விரல் வைத்து வாசித்தாள். "ரத்து செய்யவான்னு கேக்குது. ரத்துன்னு சொன்னா, ரத்து செய்யறதை ரத்து பண்ணுன்னு அர்த்தம். ரெண்டு எதிர்மறை சேர்ந்தா உடன்பாடு."

"உடன்பாடா?"

"இலக்கணத்துல அப்படித்தான் பேரு," என்றாள். காது சிவந்திருந்தது. "அமுக்கு."

"நீயே அமுக்கேன்."

"என் கால் சுவிட்சுமேல இருக்கு. நீ அமுக்கினாத்தான் எடுப்பேன்."

அமுக்கினான். பெட்டி மறைந்தது. கோடு அசையவில்லை. அசையவில்லை. பிறகு, எந்த மன்னிப்பும் கேட்காமல், கிளம்பியது. மேஜைக்கு அடியில் கால் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது.

6.

முடிவுகள்.

அ) நாளை இருவரும் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. (வாசகர்களில் பாதிப்பேர் இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தீர்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் வீட்டை விட்டுப் போகும் அளவு மனசு கசந்தவனை ஒரு கட்டைவிரல் திருப்பிக் கொண்டுவரும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.)

ஆ) போகிறார்கள், சம்மதம் சொல்கிறார்கள், வாசலில் நின்று— (நின்று என்ன? இதற்குமேல் எழுதினால் நான் அழுதுவிடுவேன். அது தொழிலுக்கு நல்லதில்லை.)

இ) எழுத்தாளர் ஓடிவிடுகிறார்.

இ-யைத் தேர்ந்தெடுக்கிறேன். போகுமுன் நான் பார்த்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மென்பொருள் ஏறிவிட்டது. தேனீப் புத்தகம் திறந்தது. முதல் பகுதியை அனுப்புமுன் பிழை பார்க்க வேண்டும். ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் திரையில் பார்த்தால் பாதி நேரத்தில் முடியும். "நீ வாசி," என்றாள் அவள், திரும்பாமல். "நிறுத்தி நிறுத்தி வாசி. ஒற்றெழுத்தை முழுங்காதே."

அவன் தாள்களை எடுத்துக்கொண்டு கரகரத்த குரலில் வாசிக்க ஆரம்பித்தான். ராணித்தேனீ, வேலைக்காரத் தேனீ, கூட்டை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை. ஒரு சொல்லில் அவள் நிறுத்தச் சொன்னாள். திருத்தினாள். "ம்," என்றாள். அவன் தொடர்ந்தான்.

நாளையை நான் எழுதப்போவதில்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், முழு உரிமை தருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அவசரப்பட்டு உள்ளே நுழைந்துவிடாதீர்கள். அவர்கள் இப்போதுதான் பதினோராம் பக்கத்துக்கு வந்திருக்கிறார்கள்.